வெள்ளை வைன் மாலை: எட்டுப் பேருக்கு ஐந்து பாட்டில், எதோடு எது?

கேள்வி இது: நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு மாலையில் கூடி, வெள்ளை வைன்களை மட்டும் உணவோடு சேர்த்துச் சுவைத்துப் பார்க்கப் போகிறார்கள். எத்தனை பாட்டில் வேண்டும், எந்த வரிசையில் ஊற்றுவது, எந்த வைனுக்கு எந்த உணவு?

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் "மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு" என்றுதான் தொடங்கும். தட்டில் இருப்பது மீனா கோழியா என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அதில் உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் வைன் ருசிப்பதும் கெடுவதும். வைன் உணவை மாற்றுவது கொஞ்சம். உணவு வைனை மாற்றுவது நிறைய. அதனால் ஒவ்வொரு வைனையும் முதலில் தனியாக ஒரு மடக்கு, உணவைத் தின்ற பிறகு இன்னொரு மடக்கு என்று இரண்டு முறை குடிக்கும்படி மாலையை அமையுங்கள். அந்த இரண்டு மடக்குக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் வேலை. உணவையும் வைனையும் ஒன்றாக மேசையில் பரப்பிவிட்டால் நல்ல விருந்து கிடைக்கும், ஆனால் எதையும் சுவைத்துப் பார்த்ததாக ஆகாது.

ஐந்து வைனுக்கு மேல் வேண்டாம். ஆறாவதில் நாக்கு களைத்துவிடும், ஏழாவதில் யாரும் குறிப்பு எழுத மாட்டார்கள். ஒரு பாட்டில் 750 மி.லி. தனியாகச் சுவைக்க ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400 போகும். மீதி 350-ல் உணவோடு குடிக்க ஆளுக்கு 40 மி.லி. தாராளமாக வரும். ஆகவே ஒவ்வொரு வைனிலும் ஒரு பாட்டில் போதும். கடைசியில் வரும் இனிப்பு வைன் பெரும்பாலும் 375 மி.லி. அரைப் பாட்டிலாகவே கிடைக்கும். எட்டுப் பேருக்கு அது சரியான அளவு, ஏனென்றால் அதில் 20, 25 மி.லி.க்கு மேல் ஒரே மூச்சில் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் விழுங்கினால் ஆளுக்குச் சுமார் 400 மி.லி., அதாவது அரைப் பாட்டிலுக்கும் மேல். அதனால் ஆளுக்கொரு உமிழும் கோப்பை வையுங்கள். உள்ளே தெரியாத காகிதக் கோப்பையாக இருந்தால் கூச்சம் குறையும். முதல் 50 மி.லி.யில் பெரும்பகுதியை உமிழ்ந்துவிட்டு, உணவோடு வருவதை மட்டும் விழுங்குவது நல்ல ஏற்பாடு. வண்டி ஓட்டப் போகிறவர் உமிழ்வதை நம்பியிருக்கக் கூடாது. வாய்க்குள் போனதில் கொஞ்சம் எப்படியும் உள்ளே இறங்கிவிடும்.

ஐந்தையும் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும்படி தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை: முதலில் மெல்லிய, புளிப்பான மஸ்கடே, இரண்டாவது சோவினியோன் பிளாங்க், மூன்றாவது ஓக் பீப்பாயில் வளர்ந்த ஷார்டனே, நான்காவது லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், ஐந்தாவது சோட்டேர்ன் என்ற இனிப்பு வைன். வரவேற்புக்கு நுரை வைன் கொடுக்கும் ஆசை வரும். சுவைத்தல்தான் நோக்கம் என்றால் அதை விட்டுவிடலாம், தொடங்கும் முன்பே ஒரு கோப்பை ஏறிவிடுகிறது.

வரிசையில் சிக்கலான இடம் மூன்றும் நான்கும். லேசானது முன்னே, கனமானது பின்னே என்பது ஒரு விதி. புளிப்பானது முன்னே, இனிப்பானது பின்னே என்பது இன்னொன்று. ஷார்டனே கனமானது, ரீஸ்லிங் லேசானது ஆனால் இனிப்பு உள்ளது. எந்த விதியை மீறுவது? கனத்தின் விதியைத்தான். இனிப்பைச் சுவைத்த நாக்குக்கு அடுத்து வரும் இனிப்பில்லாத வைன் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். ஒரு வாய் ரொட்டியாலும் தண்ணீராலும் அது முழுக்கப் போகாது. ஷார்டனேயின் கனத்தையோ ரீஸ்லிங்கின் புளிப்பு எளிதாக வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதில் சந்தேகம் இருக்கிறவர்கள் முதல் கோப்பையிலிருந்த மஸ்கடேயில் ஒரு வாய் மிச்சம் வைத்து, சோட்டேர்னுக்குப் பிறகு குடித்துப் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் நன்றாக இருந்த வைனா இது என்று தோன்றும்.

ரீஸ்லிங் வாங்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இனிப்பே இல்லாத ரீஸ்லிங்கும் உண்டு, தேன் போன்ற ரீஸ்லிங்கும் உண்டு, பாட்டில்களோ ஒரே மாதிரி உயரமாக இருக்கும். ஜெர்மன் லேபிளில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பு இல்லை. அந்தச் சொல் இல்லாமல் 'காபினெட்' என்று மட்டும் இருக்கும் மோசல் ஆற்றுப் பகுதி வைன் இந்த மாலைக்குப் பெரும்பாலும் பொருந்தும். லேபிள் புரியவில்லையென்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத்தான் ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலைத் தரும். 8 அல்லது 9 சதவீதம் என்று போட்டிருந்தால் நொதித்தலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், மிச்சச் சர்க்கரை வைனிலேயே இருக்கிறது என்று பொருள். 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது.

அடுத்து குளிர்ச்சி. சுவைத்தல் மாலைகள் கெடுவது பெரும்பாலும் இதில்தான். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதிலிருந்து எடுத்து நேராக ஊற்றினால் வாசனைகள் ஆவியாக மேலே எழாது, புளிப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எல்லா வெள்ளை வைனும் ஒன்றுபோல இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் 4 டிகிரியில் குடித்துப் பார்த்தவர்கள். சூடு ஏறிப்போனால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், வைன் தொளதொளவென்று உருவமில்லாமல் கிடக்கும். மஸ்கடே, சோவினியோன் பிளாங்க், ரீஸ்லிங் மூன்றுக்கும் 8 முதல் 10 டிகிரி. ஓக் ஷார்டனேக்கு 11 முதல் 13. சோட்டேர்னுக்கு 8 முதல் 10. கோப்பையில் விழுந்த வைன் சில நிமிடங்களிலேயே இரண்டு டிகிரி ஏறிவிடும் என்பதால், வேண்டியதைவிட இரண்டு டிகிரி குறைவாக ஊற்றுவது சரி.

நடைமுறையில், ஐந்து பாட்டிலையும் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜில் படுக்க வையுங்கள். ஷார்டனேயை ஊற்றுவதற்கு அரை மணி முன்பும் மற்றவற்றைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பும் வெளியே எடுங்கள். மறந்துவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. கழுத்து வரை மூழ்கும்படி வைத்தால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவிலுள்ள காற்றுதான் பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்கும், குளிர்ச்சி மெதுவாகவே ஏறும். ஃபிரீசரில் வைத்துவிட்டு மறப்பது ஆபத்து: வைன் உறைந்து விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், சில நேரம் பாட்டிலே விரிசல் விடும்.

நண்பர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லாப் பாட்டிலையும் திறந்து, ஒவ்வொன்றிலும் 20 மி.லி. ஊற்றி முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த ஈர அறை போன்ற வாடை வந்தால் அது கார்க் கெடுதல். டிசிஏ என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ வாசனை முழுவதையும் அமுக்கிவிடும். காற்றாட வைத்தால் போகாது, இன்னும் தெளிவாகத்தான் தெரியும். அதனால் ஒரு பாட்டில் உபரியாக வைத்திருப்பது நல்லது. அழுகிய முட்டை அல்லது இப்போதுதான் கிழித்த தீக்குச்சி வாடை வேறு வகை. அது கந்தகச் சேர்மங்களால் வருவது, கோப்பையில் நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் போய்விடும். வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாடையும் பழுப்பேறிய நிறமும் சேர்ந்திருந்தால் காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆன வைன். வினிகர் அல்லது நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாடை என்றால் பாக்டீரியாவின் கைவரிசை. அடியில் கண்ணாடித்தூள் போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம், அதனால் தீங்கு ஒன்றுமில்லை.

கோப்பைகள் எல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டும், வாய் வயிற்றைவிடக் குறுகியிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு இருந்தால் முந்தைய வைனோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. அலமாரியில் கவிழ்த்து வைத்த கோப்பைக்குள் மர வாடை தேங்கியிருக்கும், முதல் நாளே கழுவி நிமிர்த்தி வையுங்கள். நடுவில் தண்ணீரால் அலம்ப வேண்டாம். ஒட்டியிருக்கும் 5 மி.லி. தண்ணீர் 50 மி.லி. வைனில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவிடும். அடுத்து வரும் வைனையே ஒரு சொட்டு விட்டுச் சுழற்றிக் கொட்டினால் போதும். வாசனை மெழுகுவர்த்தி, சென்ட், எண்ணெய்ப் புகை மூன்றும் அந்த அறையில் ஆகாது. வறுப்பது பொரிப்பது எல்லாவற்றையும் முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

பாட்டிலை மறைக்கலாமா என்று கேட்டால், கண்டிப்பாக. 2001-ல் வெளியான, பிரான்சின் போர்டோவில் நடந்த ஆய்வு ஒன்றில், வைன் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தபோது, அதன் வாசனையைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். கண் சொல்வதை மூக்கு அப்படியே ஏற்றுக்கொள்கிறது. லேபிள் சொல்வதையும் அப்படித்தான். 1976-ல் பாரிஸில் பெயர் மறைத்து நடந்த சுவைத்தலில் பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை வைன்களில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மோன்டெலீனா 1973 ஷார்டனேக்கு. பாட்டிலைக் காகிதத்தால் கழுத்து வரை சுற்றி எண் போடுங்கள், ரீஸ்லிங்கின் நீண்ட கழுத்து காட்டிக்கொடுக்கும். புதியவர்கள் இருக்கும் கூட்டத்தில் ஐந்து வைன்களின் பெயரை முன்பே சொல்லிவிட்டு, எது எந்த எண் என்பதை மட்டும் மறைப்பது நல்லது. ஒன்றும் தெரியாமல் திணறுவதில் சுவாரசியம் இல்லை.

ஊற்றியதும் மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். முதலில் வாய் திறப்பவர் "எலுமிச்சை வாசனை" என்று சொல்லிவிட்டால் எட்டுப் பேருக்கும் எலுமிச்சைதான். ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும்: வாசனை, இனிப்பு, புளிப்பு, கனம், விழுங்கிய பின் சுவை எத்தனை நொடி நிற்கிறது. பழ வாசனையை இனிப்பு என்று நினைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தால் சர்க்கரை உண்மையில் இருக்கிறதா என்று நாக்கு சொல்லிவிடும். புளிப்பை எச்சில் காட்டும். விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்தால் வாய் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு அமிலம். கனம் என்றால் வாயில் உணரும் தடிமன், கொழுப்பு நீக்கிய பாலுக்கும் முழுப் பாலுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

உணவு வகைகளுக்குப் போகும் முன், இரண்டாவது வைனான சோவினியோன் பிளாங்க்கை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மாலை முழுவதற்கும் இதுவே சாவி. ஆளுக்கொரு சிறு தட்டில் எலுமிச்சைத் துண்டு ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி சர்க்கரை, உப்பில்லாமல் வதக்கிய காளான் இரண்டு துண்டு. ஒரு மடக்கு வைன், பிறகு எலுமிச்சையை நக்கி இன்னொரு மடக்கு. வைனின் புளிப்பு பாதியாகக் குறைந்து, மென்மையாக, கிட்டத்தட்ட இனிப்பாகக்கூடத் தெரியும். எலுமிச்சையின் அமிலத்துக்குப் பழகிப்போன நாக்கு அதைவிடக் குறைந்த அமிலத்தைப் பொருட்படுத்துவதில்லை. ரொட்டியும் தண்ணீரும் எடுத்துவிட்டு உப்பு: வைன் உருண்டு திரண்டு, பழ வாசனை முன்னே வரும். அடுத்து சர்க்கரை: வைன் மெலிந்து, புளித்து, கொஞ்சம் கசக்கும். கடைசியில் காளான்: அதிலுள்ள உமாமி, அதாவது இறைச்சிச்சாறு போன்ற சுவை, வைனை முரட்டுத்தனமாக, கசப்பாக மாற்றும். இப்போது அதே காளானில் உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுத் தின்றுவிட்டுக் குடித்தால் கசப்பு போயிருக்கும்.

அந்தக் கடைசிப் படிதான் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தந்திரம். உணவோடு வைன் கசக்கிறதென்றால் வைனை மாற்ற வேண்டியதில்லை, உணவில் ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிழி எலுமிச்சையையும் கூட்டுங்கள். ஏற்கெனவே உப்பு கரிக்கும் உணவென்றால் எலுமிச்சை மட்டும்.

இனி ஜோடிகள். மஸ்கடே பிரான்சின் லுவார் ஆறு கடலைத் தொடும் பகுதியில், நான்ட் நகரைச் சுற்றி விளைவது. மெல்லிய உடம்பு, கூர்மையான புளிப்பு, பீப்பாய் வாசனை கிடையாது. 'சூர் லீ' என்று லேபிளில் இருந்தால் அடங்கிய ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்தது, வாயில் சற்று நிறைவாக இருக்கும். அதற்கு ஆளுக்கு மூன்று இறால். உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, நிறம் மாறிச் சுருண்டதும் இரண்டு நிமிடத்தில் எடுத்து ஆறவிடுங்கள். தக்காளி சாஸ் வேண்டாம், அதிலுள்ள சர்க்கரை இந்த வைனை ஒரே வாயில் கொன்றுவிடும். மீனுக்குச் சிவப்பு ஆகாது என்ற பழைய விதிக்கும் காரணம் இல்லாமல் இல்லை: வைனில் கரைந்துள்ள இரும்பு கடலுணவின் கொழுப்போடு சேரும்போது மீன் நாற்றம் எழுகிறது. சிவப்பு வைன்களில் இரும்பு அதிகமாக இருப்பது வழக்கம், ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை.

சோவினியோன் பிளாங்க்குக்குப் புது ஆட்டுப்பால் சீஸ், ஆளுக்கு 30 கிராம், முக்கால் மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது. அதே லுவார் ஆற்றில் மேலே போனால், சோவினியோன் பிளாங்க்குக்குப் பெயர்பெற்ற சான்சேர். பக்கத்து ஊரான ஷவின்யோல் ஆட்டுப்பால் சீஸுக்கே பேர் போனது. சீஸிலும் புளிப்பு, வைனிலும் புளிப்பு, அதனால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். சான்சேருக்குப் பதில் நியூசிலாந்தின் மார்ல்பரோ வைன் கிடைத்தாலும் சரி, வாசனை இன்னும் உரக்க இருக்கும்: பச்சைக் குடைமிளகாய், பேஷன் பழம்.

ஷார்டனே தானாகப் பெரிதாக மணக்காத திராட்சை, வைன் செய்பவரின் கை அதில்தான் நன்றாகத் தெரியும். பச்சை ஆப்பிளிலுள்ள மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசெட்டில் என்ற வெண்ணெய் வாசனைப் பொருள் உண்டாகிறது. வெனிலா வாசனையும் கருகிய வாசனையும் புது ஓக் பீப்பாய் தருபவை. இதற்கு வெண்ணெய் தடவி அடுப்பில் வாட்டிய கோழி, ஆளுக்கு 60 கிராம் எலும்பில்லாத சதை, பாத்திரத்தில் வடிந்த சாறோடு. வினிகர் விட்ட சாலட்டைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். வைனின் அடங்கிய புளிப்பை அது மொத்தமாக மறைத்துவிட, மரப்பலகையைச் சப்புவது போல ஓக் மட்டும் மிஞ்சும்.

ரீஸ்லிங்கோடு காரம். மிளகாய் போட்டு வறுத்த கோழியோ டோஃபுவோ, இரண்டு வாய் போதும். காரம் என்பது சுவையே அல்ல, சூட்டை உணரும் நரம்பு முனைகளை மிளகாயின் கேப்சைசின் தூண்டிவிடுவது. ஆல்கஹாலும் அதே முனைகளையே தூண்டுகிறது. 14 சதவீத ஷார்டனேயை மிளகாய்க்கு மேல் குடித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். 8 சதவீத ரீஸ்லிங்கில் எரிக்க ஆல்கஹால் குறைவு, அணைக்கச் சர்க்கரையும் குளிர்ச்சியும் உண்டு. மிச்சமிருக்கும் ஷார்டனேயில் ஒரு வாய் இங்கே குடித்து ஒப்பிட்டால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

சோட்டேர்ன் போர்டோவின் தெற்கே, மூடுபனியில் பொட்ரிடிஸ் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய திராட்சையிலிருந்து வருவது. தண்ணீர் வற்றிச் சர்க்கரையும் அமிலமும் செறிந்திருக்கும். ஆளுக்கு 20 கிராம் ரோக்ஃபோர் போன்ற நீலப் பூஞ்சண சீஸ் வையுங்கள். உப்பும் இனிப்பும் மோதும்போது இரண்டும் மேலே போகும். கேக் வைக்க நினைத்தால் ஒரே நிபந்தனை, வைன் கேக்கைவிட இனிப்பாக இருக்க வேண்டும். சாக்லேட்டை இதன் அருகில் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

ஆர்டிசோக் என்ற காய் எந்த வைனோடும் வேண்டாம், அதிலுள்ள சினாரின் என்ற சேர்மம் அடுத்துக் குடிப்பது தண்ணீராக இருந்தாலும் இனிப்பாகக் காட்டும். நடுநடுவே நாக்கைத் துடைக்க உப்புக் குறைந்த வெறும் ரொட்டி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வைனுக்கு இருபத்தைந்து நிமிடம் என்று வைத்தால் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே முடியும்.

மீந்த வைனைத் தூக்கிப் போட வேண்டாம். அன்றிரவே கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் நிற்க வைத்தால் முதல் மூன்றும் மூன்று நாள் தாங்கும். ரீஸ்லிங் இன்னும் ஓரிரு நாள். சோட்டேர்ன் ஒரு வாரம் கழித்தும் குடிக்கலாம். பாட்டிலில் கால் பங்குதான் இருக்கிறதென்றால் கழுவிய சிறு பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள், காற்றுக்கு இடம் குறையும். நான்காம் நாள் தட்டையாகிப் போன மஸ்கடேயை இறால் வதக்கும் வாணலியில் கடைசியில் ஊற்றிவிடலாம். ஓக் ஷார்டனேயை அப்படிச் செய்யாதீர்கள், சுண்டச் சுண்டக் கசப்பு ஏறும்.